மைதானத்துக்கும் கட்டணமா?

(வாலிபர் சங்கக் கபடிப் போட்டித் துவக்க விழாவில் ஆற்றிய உரை)



போட்டியைத் துவக்கி வைக்கும்படி எங்களை அழைத்தீர்கள். துவக்கிவிட்டோம். ஆனால் காலையிலிருந்து பந்தலில் பெற்றோர்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டபின், சும்மா வாழ்த்திவிட்டுப் போக மனம் வரவில்லை. பையன் எத்தனை பாயிண்டு எடுத்தான் என்பதல்ல அங்கே பேச்சு. ஷூ என்ன விலை, கோச்சிங்குக்கு மாதம் என்ன கட்டவேண்டும், மாவட்டத்துக்குப் போய்வர எவ்வளவு ஆகும், இதுதான் பேச்சு. ஆகவே நாமும் அதையே பேசுவோம்.

பள்ளிப் போட்டிகள் எப்படி நடக்கின்றன? முதலில் குறுவட்டம், பிறகு மாவட்டம், அப்புறம் மாநிலம். ஒரு கூலித் தொழிலாளியின் மகள் குறுவட்டத்தில் 400 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வருகிறாள். வீட்டில் சந்தோஷம். மாவட்டத்திலும் ஜெயிக்கிறாள். வீட்டில் கவலை ஆரம்பமாகிறது! பஸ் சார்ஜ், சாப்பாடு, ஆணி வைத்த ஓட்டக் காலணி, துணைக்குப் போகும் தாயின் மூன்று நாள் கூலி. இந்தக் கடைசிச் செலவை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் யாரும் எழுதுவதில்லை. பல பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் தம் கைக்காசைப் போட்டுப் பிள்ளைகளை அழைத்துப் போகிறார். அவரை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் சர்க்கார் சுமக்க வேண்டிய சுமையை ஓர் ஆசிரியரின் சட்டைப்பையில் ஏற்றிவைப்பது என்ன நியாயம்?

சர்க்கார் பணமே தருவதில்லை என்று சொல்லமாட்டோம். தருகிறது. எவ்வளவு? 2018-ல் வந்த சமக்ர சிக்ஷா திட்டம் விளையாட்டுப் பொருள்களுக்காக ஆண்டுக்கு வகுத்த தொகை, ஆரம்பப் பள்ளிக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000. முதல்தர இங்கிலீஷ் வில்லோ கிரிக்கெட் மட்டை ஒன்றின் விலையே 25,000-ஐத் தாண்டுகிறது. அதாவது, வசதியுள்ள வீட்டுப் பையன் ஒருவன் தோளில் தூக்கிக்கொண்டு போகும் ஒரு மட்டையும், ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் ஒரு வருஷத்து விளையாட்டும் ஒரே விலை! அந்தத் தொகையாவது ஒழுங்காக வருகிறதா? இதே திட்டத்தில் 2024-25-ம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்குச் சேரவேண்டிய 2,152 கோடி ரூபாயை, பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று காரணம் காட்டி மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்ததை நாம் பார்த்தோம்.

இதைச் சொன்னால் சிலர் உடனே ஒரு பதிலோடு வருகிறார்கள். "திறமை இருந்தால் ஏழையும் மேலே வரலாம். மதுரைச் சக்கிமங்கலம் ரேவதி வெறுங்காலோடு ஓடவில்லையா? 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போகவில்லையா?" என்கிறார்கள். போனார், நமக்கெல்லாம் பெருமை. பெற்றோரைச் சிறு வயதிலேயே இழந்து, கூலி வேலை செய்த பாட்டியின் கையில் வளர்ந்தவர் அவர். ஆனால் கதையின் மறுபாதியை இவர்கள் ஏன் விட்டுவிடுகிறார்கள்? ஒரு பயிற்சியாளர் அவரைக் கண்டுபிடித்தார், கல்லூரியில் இடமும் விடுதியும் வாங்கித் தந்தார். அதன்பின்தான் அந்த வெறுங்கால்கள் டோக்கியோ வரை போயின. பயிற்சியாளர் கண்ணில் படாத ரேவதிகள் எத்தனை பேர்? பஞ்சாலைகளிலும் பட்டாசு ஆலைகளிலும் போய் எண்ணிப் பாருங்கள். கோடியில் ஒருவர் வென்றதை மற்றவர்களின் வாயை அடைக்கப் பயன்படுத்துவது பழைய தந்திரம்.

வசதியுள்ளவர்களுக்கே இந்தப் பந்தயத்தில் மூச்சு வாங்குகிறது. 2024 டிசம்பரில் குகேஷ் உலக சதுரங்கச் சாம்பியன் ஆனார். மகனோடு நாடு நாடாகப் போவதற்காக டாக்டரான தகப்பனார் தம் தொழிலையே நிறுத்தவேண்டி வந்தது. தாயாரின் சம்பளத்தில் குடும்பம் நடந்தது. சதுரங்கத்துக்கு வேண்டியது ஒரு பலகையும் முப்பத்திரண்டு காய்களும்தானே என்று நாம் நினைத்திருந்தோம்!

ஹாக்கியைப் பாருங்கள். கோவில்பட்டிப் பக்கம் கட்டாந்தரையில் விளையாடி வளர்ந்த ஆட்டம் அது. 1976-ல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. அதுவரை தங்கமும் பதக்கமுமாக வந்துகொண்டிருந்த இந்தியா அந்த வருஷம் ஏழாவது இடத்துக்குப் போயிற்று. ஆட்டத்தை மறந்தா போனோம்? இல்லை, தரை மாறிவிட்டது. ஒரு செயற்கைத் தரை போடக் கோடிக் கணக்கில் வேண்டும். ஆடுமுன் அதற்குத் தண்ணீர் வேறு பாய்ச்ச வேண்டும். குடிக்கத் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் ஊர்ப் பள்ளி இதற்கு எங்கே போகும்? 2025-ல் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது, 24 நாடுகள் வந்தன. நல்லதுதான். அந்தத் தரையில் நம் கிராமத்துப் பிள்ளை காலை வைக்க வழி என்ன என்பதுதான் நம் கேள்வி.

இதே பாதையில் வெகுதூரம் போய்விட்ட நாடு அமெரிக்கா. அங்கே பிள்ளைகளின் விளையாட்டே பெரிய வியாபாரம். ஆஸ்பென் இன்ஸ்டிட்யூட் எடுத்த கணக்கின்படி, விளையாடும் பிள்ளை உள்ள குடும்பம் 2024-ல் அந்தப் பிள்ளையின் முக்கிய விளையாட்டு ஒன்றுக்கு மட்டும் சராசரி 1,016 டாலர் செலவழித்தது. ஐந்தே வருஷத்தில் 46 சதவீத உயர்வு!

போட்டியே கூடாதென்றா சொல்கிறோம்? கபடிக் களத்தில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னால் நீங்களே எங்களைப் பிடித்து வெளியே தள்ளுவீர்கள். நார்வேயில் வேறு விதமாகச் செய்கிறார்கள். குழந்தைகளின் விளையாட்டு உரிமைகள் என்று 1987-லேயே விதி வகுத்தார்கள். பதினொரு வயதுக்கு முன் யார் முதல், யார் கடைசி என்று பட்டியல் போடக்கூடாது. பதின்மூன்றுக்கு முன் தேசியப் போட்டி கிடையாது. இப்படி வளர்த்தால் பிள்ளைகள் சோம்பிப் போவார்களா? சுமார் 55 லட்சம் ஜனங்கள் உள்ள அந்த நாடு 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வாங்கி முதலிடத்தில் நின்றது.

"கூலிக்கும் ரேஷனுக்கும் போராடவே நேரம் போதவில்லை, பந்துக்கும் மட்டைக்குமா போராட்டம்?" என்று ஒரு பெரியவர் எங்களைக் கேட்டார். பிள்ளைகளுக்குப் பதினான்கு வயதிலேயே ஆலை வாசலைத் தவிர வேறு இடம் தெரியக்கூடாது என்று நாம் ஒப்புக்கொள்ளலாமா? அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குப் போட்டிக்குப் போகவேண்டும். போவதற்குப் பணம் வேண்டும். இதுவும் கூலிப் பிரச்னைதான், பெரியவரே.

2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நூறு பிள்ளைகளுக்கு மேலுள்ள 6 முதல் 8 வகுப்புகளுக்கு உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநராவது வேண்டும் என்றும் இருக்கிறது. இந்த ஊர் நடுநிலைப் பள்ளியின் திடலில் பாதியில் ஜல்லியும் மணலும் குவிந்து கிடக்கின்றன. உடற்கல்விக்கு ஆளில்லை. இந்த இரண்டுக்கும் சேர்த்து, மாவட்டத்துக்குத் தேர்வாகும் பிள்ளைகளின் பயணச் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் சர்க்காரே ஏற்கவேண்டும் என்று மனு தயாராக இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் பந்தலின் கிழக்கு மூலையில் மேஜை போட்டிருப்பார்கள். தாய்மார்கள் முதலில் கையெழுத்துப் போடட்டும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போகிறோம். வேலைக்குப் போகாமல் வர முடிந்தவர்கள் பெயர் கொடுங்கள்.