மறந்துவிடு என்றால் மறக்குமா?



செலாயாங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்த காலம். எங்கள் தாத்தா பகலெல்லாம் சாதுவாக இருப்பார். தொலைவில் ரயில் ஊதினால் மட்டும், குடித்துக்கொண்டிருந்த கோப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிடுவார். சில இரவுகளில் அலறிக்கொண்டு விழிப்பார். லயத்தில் பேய் என்றார்கள், மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். அலறல் நிற்கவில்லை.

தாத்தா சயாமுக்குப் போய் வந்தவர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, ஜப்பானியர் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைக் கொண்டு சென்றார்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அங்கே உயிர்களை வாரிக்கொண்டு போயின. தாத்தாவுடன் போன தம்பி திரும்பவில்லை. உடலும் வரவில்லை, கருமாதியும் நடக்கவில்லை. தாத்தாவிடம் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "பழசை மறந்துடுங்க." மறந்துவிடு என்றால் மறக்குமா?

பெரும் அச்சம், அடி, விபத்து, திடீர்ச் சாவு ஆகியவை மனத்திலும் காயம் உண்டாக்குகின்றன. ஆபத்து கடந்து போன பிறகும் உடல் அதை அறியாமல் காவல் காத்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் கெட்ட கனவு, திடுக்கிடல், காரணமில்லாக் கோபம், தலைவலி, நெஞ்சு படபடப்பு எல்லாம் வருகின்றன. சிலர் வலியை மறைக்கக் குடிக்கிறார்கள். இது பேயும் அல்ல, கோழைத்தனமும் அல்ல.

இந்தக் காயத்தை நம் தமிழரிடையே ஆழ்ந்து ஆராய்ந்தவர் டாக்டர் தயா சோமசுந்தரம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உளமருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றியவர். போர் நடந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து மக்களுக்கு மருத்துவம் பார்த்தார். கம்போடியாவிலும் பணி செய்தார். போர் மனத்தில் விட்டுச் சென்ற வடுக்களைப் பற்றி 1998இல் ஒரு நூல் வெளியிட்டார்.

அவருடைய வழிமுறையில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. வந்தவரை உடனே "நடந்ததைச் சொல்" என்று வற்புறுத்தக் கூடாது. முதலில் அவர் பாதுகாப்பாக உணர வேண்டும். மூச்சை மெதுவாக இழுத்து விடுதல், சவாசனம், அவரவர் சமயத்துக்கு ஏற்ற ஜபம் ஆகியவற்றால் உடலின் பதற்றத்தைத் தணிக்கலாம். இந்துவுக்கு ஓம் என்றால், கத்தோலிக்கருக்குச் செபமாலை. பிறகு அவர் பேச விரும்பும்போது, குறுக்கிடாமல் கேட்க வேண்டும்.

காயம் ஒருவருக்கு மட்டும் அல்ல, குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்ந்தே ஏற்படுகிறது என்பதும் அவர் கருத்து. ஆகவே மருத்துவரை மட்டும் நம்பியிராமல், ஆசிரியர்களுக்கும் கிராமத் தொண்டர்களுக்கும் அங்கே பயிற்சி கொடுத்தார்கள். இறந்தவருக்குச் செய்யும் சடங்கும் துக்கத்தை ஆற்றும் என்பதை மதித்தார்கள்.

இதையெல்லாம் படிக்காத எங்கள் பாட்டி ஓர் ஆடி அமாவாசையன்று தாத்தாவின் தம்பிக்கு இலை போட்டுப் படைத்தார். "என்னங்க, தம்பிக்குப் புடிச்சது என்னன்னு சொல்லுங்க, வைக்கிறேன்" என்றார். அன்றுதான் தாத்தா முதன்முதலாக வாய் திறந்தார். விடிய விடியப் பேசினார். பாட்டி கேட்டுக்கொண்டே இருந்தார். கனவு முற்றாக நின்றது என்று சொல்லமாட்டோம். ஆனால் அதன் பிறகு அவர் தனியாக அழவில்லை.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், "மறந்துவிடு" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், காது கொடுங்கள். ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கமும் வேலையும் கெட்டுப்போனால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். மருத்துவர் வேண்டிய இடத்துக்கு அனுப்புவார். சாகத் தோன்றுகிறது என்று சொன்னால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். நம் நாட்டில் மனநல ஆலோசகர்கள் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கால் முறிந்தால் கட்டுப் போட வெட்கப்படுவோமா? மனம் முறிந்தாலும் அப்படித்தான்.