வீட்டில் யார் இருப்பது?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், கோடை விடுமுறைக்கு முன்பாக உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

‘விடுமுறைப் பயணமும் வீட்டுச் செல்லப் பிராணிகளும்’ என்று தலைப்புக் கொடுத்து, பதினைந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார் செயலாளர். வெளியே டீயும் சுண்டலும் தயாராக இருப்பதால் அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. போன முறை குடும்பத்தோடு வெளியூர் போனீர்களே, அப்போது வீட்டில் தங்கியது யார்? நாய் இருக்கிற வீடு, பூனை இருக்கிற வீடு, மீன் தொட்டி இருக்கிற வீடு எல்லோருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். பெரும்பாலான வீடுகளில் பதில் ஒன்றுதான். அம்மா, இல்லாவிட்டால் பாட்டி.

இது யாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவாக இருக்காது. ஊட்டிக்கு ரூம் போட்டாயிற்று, டிக்கெட் எடுத்தாயிற்று. கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் யாரோ ஒருவர், “ஆமா, நாயை என்ன பண்றது?” என்பார். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். சமையலறையிலிருந்து ஒரு குரல் வரும். “நான் இருந்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க. எனக்கு அந்தக் குளிரெல்லாம் ஒத்துக்காது.” உடனே பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று பெட்டியை அடுக்க ஆரம்பித்துவிடுவோம். அந்தக் குரலுக்கு உண்மையிலேயே குளிர் ஒத்துக்கொள்ளாதா என்று ஒரு முறையாவது திரும்பிக் கேட்டிருக்கிறோமா?

நாய் வேண்டும் என்று அழுதது பிள்ளை. வாங்கி வந்தது அப்பா. காலை ஐந்தரை மணிக்குக் கீழே அழைத்துப் போவது, சோறு வைப்பது, உதிர்ந்த முடியைப் பெருக்குவது, ஊசிக்குத் தேதி பார்ப்பது எல்லாம் கடைசியில் ஒருவர் தலையில் வந்து விழுந்துவிடுகிறது. விடுமுறை என்றால் அவருக்கு அந்த வேலையிலிருந்து விடுதலை கிடைக்க வேண்டும். நடப்பது தலைகீழ். மற்றவர்களுக்கு விடுமுறை, அவருக்குத் தனியாக இரட்டிப்பு வேலை. எனவே இன்று நான் சொல்லப்போவதெல்லாம் ஒன்றுக்காகத்தான்: வீடு மொத்தமும் சேர்ந்து கிளம்ப என்ன வழி?

முதல் வழி, வாங்குவதற்கு முன்பே யோசிப்பது. ஒரு நாய் சாதாரணமாகப் பத்திலிருந்து பதின்மூன்று ஆண்டு இருக்கும். வீட்டுக்குள் வளரும் பூனை பதினைந்து ஆண்டையும் தாண்டலாம். இன்று ஏழாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை கேட்டு வாங்கும் நாய்க்குட்டி, அவன் கல்லூரி முடித்து வேலைக்குப் போகும்போதும் நம் வீட்டில்தான் இருக்கும். அவன் இருப்பானா? ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் நம் மண்ணின் பெருமைதான்; ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. ஆனால் அவை வேட்டைக்கும் காவலுக்கும் ஓடி வளர்ந்தவை. இரண்டு படுக்கையறை வீட்டில் அடைத்து வைத்தால் நாய்க்கும் நிம்மதி இருக்காது, கீழ்வீட்டுக்காரருக்கும் தூக்கம் இருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வளர்ப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. ‘எங்க தாத்தா காலத்திலிருந்து கிளி வளர்க்கிறோம்’ என்பது அங்கே எடுபடாது.

இரண்டாவது வழி, உடன் அழைத்துப் போவது. ரயிலில் நாயை முதல் வகுப்பு ஏசியில் மட்டுமே நம்மோடு வைத்துக்கொள்ள முடியும். அதுவும் இரண்டு படுக்கை கொண்ட கூபேயோ நான்கு படுக்கை கொண்ட கேபினோ முழுதாக நம் பெயரில் இருந்தால்தான். ஏசி இரண்டடுக்கு, மூன்றடுக்கு, ஸ்லீப்பர் எதிலும் அனுமதி இல்லை. கூபே கிடைக்காவிட்டால் பிரேக் வேனில் உள்ள நாய்ப்பெட்டியில்தான் போக வேண்டும். சித்திரை வெயிலில் அந்தப் பெட்டிக்குள் பத்து மணி நேரம் என்பதை நினைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். எப்படிப் போனாலும் பார்சல் அலுவலகத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். தடுப்பூசிச் சான்றைக் கையில் வைத்திருங்கள்.

காரில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வெயில். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் சரியாக வராது. ‘ஐந்து நிமிஷத்தில் சாப்பிட்டு வந்துவிடுகிறோம்’ என்று வண்டியைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். வெளியே 35 டிகிரி என்றால் அரை மணி நேரத்தில் மூடிய காருக்குள் 50-ஐத் தொட்டுவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் எதுவும் வராது. கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட்டால் வழியில் வாந்தி குறையும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்திருப்பது உங்களுக்குத் தெரியும். விடுதியில் பிராணிகளுக்கு இடம் உண்டா என்பதையும் அதே நாளில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி, விட்டுவிட்டுப் போவது. பூனை வைத்திருப்பவர்களுக்கு இதுதான் நல்லது. பூனை மனிதர்களோடு ஒட்டுகிற அளவுக்கு இடத்தோடும் ஒட்டும். புது இடத்தில் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டு சாப்பிடாமல் கிடக்கும். இரண்டு மூன்று நாள் அப்படியே கிடந்தால் அதன் கல்லீரலே பாதிக்கப்படலாம். அதனால் அதை அதன் வீட்டிலேயே விட்டு, தெரிந்த ஒருவர் காலையும் மாலையும் வந்து பார்ப்பது மேல். நாயை விடுதியில் விடுவதானால் முன்னதாக ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். தடுப்பூசிச் சான்று கேட்காமலே சேர்த்துக்கொள்கிற இடத்தில் விடாதீர்கள். உங்களிடம் கேட்காதவர்கள் பக்கத்துக் கூண்டு நாய்க்கும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அக்கம்பக்கத்தில் விட்டுப் போகிறவர்கள், ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு சாப்பாடு, என்ன மருந்து, மருத்துவரின் எண், எதைக் கண்டால் பயப்படும், இவ்வளவு போதும். கொடுக்கக் கூடாதவற்றைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயம், பூண்டு, சாக்லேட் ஆகியவையும் ஆகாது. நம் ஊரில் பாசம் காட்டுகிறவர்கள் முதலில் கொண்டு வருவது சர்க்கரைப் பொங்கலும் சாம்பார் சாதமும்தான். ஒன்றில் கிஸ்மிஸ், இன்னொன்றில் வெங்காயம்!

எங்கள் தளத்தில் நான்கு வீடுகள். மூன்று வீட்டில் பிராணிகள் உண்டு. போன மே மாதம் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்தோம். ஒரே வாரத்தில் இரண்டு குடும்பம் கிளம்புவதில்லை, இருப்பவர் போனவரின் பிராணியைப் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். நாங்கள் கும்பகோணம் போனபோது எங்கள் மணியை எதிர்வீட்டு அண்ணன் பார்த்துக்கொண்டார். அவர்கள் ராமேஸ்வரம் போனபோது அவர்கள் பூனைக்கு என் மகள் சாப்பாடு வைத்தாள். பல வருஷம் கழித்து என் மாமியார் எங்களோடு வந்தார். மகாமகக் குளத்துப் படியில் உட்கார்ந்து, தான் சின்ன வயதில் அங்கே வந்த கதையை ஒரு மணி நேரம் சொன்னார். அந்தக் கதை எங்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தில், பிராணி வளர்க்காதவர்கள் “எங்களுக்கென்ன வந்தது?” என்று நினைக்கலாம். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். குடியிருப்பில் பிராணி வளர்க்கக் கூடாது என்று எந்தச் சங்கமும் தடை போட முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. 1962-இல் அமைந்த அந்த வாரியத்தின் முதல் தலைவர் யார் தெரியுமா? நம் சென்னையில் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டவரும் அவர்தான். வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிட்டுப் போவது அந்தச் சட்டப்படி குற்றம்.

உரிமை இருக்கிறது என்பதற்காகப் பொறுப்பு இல்லாமல் போய்விடாது. லிஃப்டில் நாயைக் கண்டு ஒரு குழந்தை பயந்தால், அடுத்த லிஃப்டுக்கு நாம் காத்திருக்கலாம். கயிறு கையில் இருக்கட்டும். அசுத்தம் செய்தால் அள்ள ஒரு பை சட்டைப் பையில் இருக்கட்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி தவறாமல் போடுங்கள். எந்த நாய் கடித்தாலும், பல் பட்டுக் கீறினாலும், உடனே குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் எதுவும் வைக்காதீர்கள். நேரே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். நோய் முற்றி அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

கடைசியாக, சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். அலுவலகத்தில் ஒரு நோட்டு வையுங்கள். யார் எப்போது ஊருக்குப் போகிறார்கள், அவர்கள் வீட்டுப் பிராணியை யார் பார்க்கிறார்கள், அவசரத்துக்கு எந்த எண் என்று அதில் எழுதட்டும். இதை வாட்ஸ்ஆப் குழுவில் போட வேண்டாம், பூட்டிய வீட்டின் விவரம் ஊருக்கெல்லாம் தெரியக் கூடாது. பிராணி இல்லாத வீட்டாரும் உதவ முன்வந்தால் பெயர் கொடுக்கலாம். நாய் வளர்க்க ஆசைப்பட்டு, வேண்டாம் என்று தள்ளிப்போட்ட பெரியவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். ஒரு வாரம் பார்த்துக்கொள்வது அவர்களுக்குப் பாரமாக இருக்காது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்தக் கோடைக்கு ரூம் போடுவதற்கு முன்னால், ‘வீட்டில் யார் இருப்பது?’ என்ற கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு அப்புறம் போனை எடுங்கள். அந்தப் பதிலில் உங்கள் அம்மாவின் பெயர் இருக்க வேண்டாம். அவர் “குளிர் ஒத்துக்காது” என்றால், ஒரு சால்வை வாங்கிக் கொடுத்து அழைத்துக்கொண்டு போங்கள்.

சுண்டல் ஆறுவதற்குள் போவோம்.