வரியும் பள்ளியும்
(ஊராட்சிப் பயிற்சி முகாம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வீட்டு வரியைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கின்றனர். வரி என்ற சொல் காதில் விழுந்ததும் முகம் சுளிப்பது இயல்பு. ஆகவே, வரி விஷயத்தில் மிகக் கண்டிப்பான கருத்துக் கொண்டிருந்த ஒரு பெரியவரிடமிருந்து தொடங்குகிறோம்.

ராஜாஜி அவர்களைப் பழமைப் போக்கினர் என்று சொல்வதுண்டு. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்த காலத்தில், சர்க்காரின் கை நீள நீளக் குடிகளின் கை முடங்கும் என்பதே அவர் வாதத்தின் சாரம். வரிச்சுமை உழைப்பவனின் ஊக்கத்தைக் குறைக்கும் என்றார். கூட்டுப் பண்ணைத் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். இவற்றை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. ஆனால், இவ்வாறு பேசியவரே அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் சென்னை மாகாணத்தில் விற்பனை வரியைக் கொண்டுவந்தவர் என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

அது நேர்ந்த விதம் கவனிக்கத்தக்கது. 1937 அக்டோபர் முதல் நாள் அவர் தமது சொந்த ஜில்லாவாகிய சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அந்நாளில் கள், சாராய வருமானம் மாகாணக் கஜானாவின் பெரிய தூண்களுள் ஒன்று. பள்ளிக்கூடச் செலவும் அதிலிருந்துதான் போயிற்று. தகப்பன் குடித்த காசில் மகனுக்கு எழுத்தறிவிப்பதா என்று காந்தியடிகள் மனம் வருந்தியது அதே ஆண்டில்தான். ராஜாஜி கடையை மூடினார். துண்டு விழுந்த பணத்துக்கு வழி என்ன என்ற கேள்வியை மறைக்கவில்லை. 1939இல் விற்பனை வரிச் சட்டம் வந்தது. விகிதம் அரை விழுக்காட்டளவே; சிறு வணிகர்களுக்கு விலக்கும் இருந்தது. வணிகர்கள் கொதித்தனர். பழியைத் தாமே ஏற்றுக்கொண்டார். செலவை அறிவிப்பவன் வரவையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும் என்னும் இந்தப் பழமையான கணக்கு நமக்குப் பிடித்திருக்கிறது.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். மதுவிலக்கு 1971இல் தளர்ந்தது. அதனைத் தடுக்க, 92 வயதில் அவர் முதலமைச்சரின் இல்லத்துக்கே சென்று வேண்டிக்கொண்டும் பயனில்லை. அந்த நஷ்டத்தை ஈடுசெய்யப் பிறந்த வரியோ வளர்ந்து, 2007இல் மதிப்புக் கூட்டு வரியாகி, 2017இல் பெரும்பாலும் சரக்கு மற்றும் சேவை வரியில் கலந்துவிட்டது.

இனிக் கல்விக்கு வருவோம். அதே சிக்கன புத்தி இங்கே அவரைக் கைவிட்டது என்பது நம் எண்ணம். 1953இல், மீண்டும் முதலமைச்சராக இருந்தபோது, ஆரம்பப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, இரு முறைகளாகப் பள்ளி நடத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தார். பள்ளிக்கு வராத பிள்ளைகள் ஏராளம், பணமோ பற்றாக்குறை. அதே உபாத்தியாயர், அதே கட்டடம், இருமடங்கு பிள்ளைகள். கணக்கில் குற்றமில்லை. மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றபோதுதான் நாடு பொங்கியது. சலவைத் தொழிலாளியின் மகன் சலவைக்கே, முடிதிருத்துபவர் மகன் முடிதிருத்தவே என்று சாதித் தொழிலோடு பிள்ளைகளைப் பிணைக்கும் குலக்கல்வி இது என்றனர் எதிர்த்தோர். அந்த அச்சம் வீண் என்று சொல்ல நம்மால் இயலவில்லை. அன்றியும், திட்டம் நகராட்சிப் பகுதிகளுக்கு இல்லை, கிராமங்களுக்கு மட்டுமே. பட்டணத்துப் பிள்ளைக்கு முழு நேரம், பட்டிக்காட்டுப் பிள்ளைக்கு மூன்று மணியா? நம் வட்டாரத்தில், அன்று மூன்றாம் வகுப்பில் இருந்த முதியவர் ஒருவரைக் கேட்டோம். பள்ளி விட்டதும் மாடு மேய்க்கப் போனதாகவும், தொழில் என்று எவரும் எதையும் சொல்லித் தரவில்லை என்றும் சிரித்தபடி சொன்னார். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

ஆயினும், பணமில்லை என்று ராஜாஜி சொன்ன உண்மை, திட்டத்தோடு மறைந்துவிடவில்லை. 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் தாமே முன்வந்து பெஞ்சும் கரும்பலகையும் கொடுத்தனர், சுவருக்கு வெள்ளையடித்தனர், இடமும் கொடுத்தனர். மேலிருந்து குறைத்தபோது சீறிய அதே கிராமத்தார், கண்ணெதிரே பள்ளி உயர்வதைக் கண்டபோது மடியை அவிழ்த்தனர்.

இதனை நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் வட்டாரத்தில் ஓர் ஊராட்சி, பெயர் வேண்டாம். அங்குள்ள பள்ளியின் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் பழுதாகி ஐந்து மாதமாயிற்று. பெண் பிள்ளைகள் மதியம் வீட்டுக்குப் போனால் திரும்புவதில்லை. மானியம் கேட்டு மூன்று மனுக்கள் வந்தன. ஊராட்சிக் கணக்கைப் புரட்டினோம். ஒரே ஒரு தெருவின் வீட்டு வரிப் பாக்கி, மோட்டார் பழுது பார்க்கும் செலவைவிட அதிகம். பாக்கிதாரர்களில் மாடி வீட்டுக்காரர்களும் உண்டு. கேட்டால் அடுத்த தேர்தலில் வாக்கு போய்விடும் என்று தலைவர் தயங்கினார். அவர் தயக்கம் நமக்குப் புரிகிறது. அந்தப் பிள்ளைகளுக்குப் புரியுமா?

ஊரே எல்லாவற்றையும் சுமக்க வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. ஆசிரியர் சம்பளத்தை ஊர் வருமானத்தில் விட்டால், ஏழை ஊருக்கு ஏழைப் பள்ளியே வாய்க்கும். அது சர்க்காரின் கடமை. ஆனால் குழாயும் விளக்கும் அப்படியல்ல. வீட்டு வரி விதித்து வசூலிக்கும் அதிகாரத்தை 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் உங்கள் கையில் தந்திருக்கிறது.

வரிப் பதிவேடுகளை எடுத்துவரச் சொல்லியிருக்கிறோம். சாப்பாட்டுக்குப் பின் ஊர் வாரியாகப் பார்ப்போம். மேற்சொன்ன ஊராட்சியை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.