பொன்மலையிலிருந்து பாரிசுக்கு



"அந்தக் காலத்துப் பிரெஞ்சு இலக்கியம் படித்து என்னடா செய்யப்போகிறாய்?" என்று என் அப்பா கேட்டார். இந்தப் பொன்மலை ரயில்வே பணிமனையில் அவர் ஃபிட்டர். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கு அவர் வேலை பார்த்த ஊரிலேயே நின்று சொல்கிறேன்.

1721-இல் பிரெஞ்சு எழுத்தாளர் மோந்தெஸ்கியே 'பாரசீகக் கடிதங்கள்' வெளியிட்டார். அதில் காற்றைத் தோல்பையில் அடைத்து விற்கிற ஒருவன் வருவான். ஜான் லா என்பவரைத்தான் அப்படிச் சாடினார். பாரிசில் காகிதப் பணத்தை அள்ளி விட்டு, இந்தியக் கம்பெனியையும் கைக்குள் போட்டு, 1720-இல் எல்லாம் சரிந்ததும் நாட்டை விட்டே போனவர் அவர். பாரிஸ் மாணவனுக்கு இது ஓர் அடிக்குறிப்பு. நமக்கோ அடுத்த தெருக் கதை! அவருடைய தம்பி மகன் ழாக் லாதான் பிரெஞ்சுப் படையோடு ஸ்ரீரங்கம் தீவில் அகப்பட்டு, 1752 ஜூனில் திருவானைக்காவில் சரணடைந்தார். மறுவருஷம் ஜூனில் இதோ இந்தப் பொன்மலைக் குன்றைப் பிடிக்க, பிரெஞ்சுக்காரரும் மைசூர்க்காரரும் ஒருபுறம், ஆங்கிலேயத் தளபதி லாரன்ஸ் மறுபுறம் என மோதினார்கள்.

அதே காலத்தில் புதுச்சேரியில் ஒரு தமிழர் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அவர்தான் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761-இல் கண்மூடும் வரை எழுதினார். தமிழ் வருஷம், மாதம், கிழமை போட்டு, பேசுகிற தமிழிலேயே 'முசே', 'மதாம்' என்று எழுதிக்கொண்டு போகிறார். கம்பெனிக் கடிதம் மேலிடத்துக்கு எழுதியது. பிள்ளையின் ஏட்டில் கவர்னர் அறைக்குள் கோபித்ததும் குழைந்ததும் இருக்கின்றன. அந்தப் பிரெஞ்சுச் சமுதாயத்தை இவ்வளவு அருகிலிருந்து பார்த்தவர் எத்தனை பேர்?

1846-இல் அந்த நாட்குறிப்பைக் கண்டெடுத்தவர் கலுவா மோம்பிரான், பிரெஞ்சுக்காரர். 1894-இல் பாரிசில் ழுலியேன் வேன்சோன் சில பகுதிகளைப் பிரெஞ்சாக்கினார். 1904 முதல் 1928-க்குள் சென்னை அரசு 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் போட்டது. தமிழ் மூலத்தை ஞானு தியாகு அச்சுக்குக் கொண்டுவரத் தொடங்கியது 1948-இல். தமிழில் எழுதியதைத் தமிழர் கடைசியாகப் படித்தோம். இது என் மனத்தை இன்னும் அறுக்கிறது.

மதிப்பெண்ணுக்காகக் கல்லூரியில் பிரெஞ்சு எடுத்த பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். ஒரு கையில் மோந்தெஸ்கியே, மறு கையில் பிள்ளை! இரண்டையும் மூலத்திலேயே படிக்க உங்களால் முடியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். உடன் உட்கார்ந்து நானும் படிக்கிறேன்.