செத்தவர் பேசுவாரா?

(மண்ணூர்க் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



செத்தவரை அழைத்துக் குறி கேட்பது நம் கோடாங்கியும், மை போட்டுப் பார்ப்பவனும் மாத்திரம் செய்கின்ற வேலையல்ல. கிறிஸ்தவத் தோழர்கள் வேதமாகக் கொள்ளும் பைபிளிலும் அது இருக்கின்றது.

சாமுவேல் முதலாம் புத்தகம் 28ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சவுல் என்னும் அரசன், குறி சொல்லுவோரையெல்லாம் நாட்டைவிட்டுத் துரத்தியவன். அவனே, பெலிஸ்தர் படை எதிரே வந்து நின்றதும் நடுங்கிப்போய், மாறுவேடம் பூண்டு, இரவோடிரவாக எந்தோர் என்ற ஊரிலுள்ள ஒருத்தியிடம் சென்று, இறந்துபோன சாமுவேலை எழுப்பித் தரக் கேட்கின்றான். பைபிளைத் தமிழாக்கியவர்கள் அவளை அஞ்சனம் பார்க்கிறவள் என்றே எழுதினார்கள். அதாவது, நம்மூர் மைக்காரிதான்!

அங்கே சாமுவேலை முதலில் கண்டது யார்? சவுலா? அல்ல. உனக்கு என்ன தெரிகிறது என்று அவளைத்தான் அவன் கேட்கின்றான். சால்வை போர்த்த கிழவன் ஒருவன் எழும்பி வருகிறான் என்கின்றாள். உடனே, அது சாமுவேல்தான் என்று இவனே முடிவு கட்டித் தரையில் விழுகின்றான். கிழவர்கள் சால்வை போர்த்தாத நாடு எது? பார்ப்பவன் ஒருவன், நம்புகிறவன் வேறொருவன் என்பதுதானே நம்மூரிலும் வழக்கம்!

"நாளைக்குச் சாவாய் என்ற வாக்குப் பலித்ததே" எனச் சிலர் கேட்கலாம். இரவு பகலாகப் பட்டினி கிடந்து, மனமுடைந்து நின்றவன் யுத்தத்தில் தோற்பான் என்று சொல்ல ஆவி வேண்டுமா? முடிவு தெரிந்தபின் எழுதிய கதையில் வாக்குப் பலிப்பது ஓர் அதிசயமா?

அமெரிக்காவில் 1848இல் பாக்ஸ் என்ற குடும்பத்துப் பெண்கள், ஆவிகள் தட்டிப் பதில் சொல்வதாகக் காட்டினார்கள். அது பெருந்தொழிலாகிக் கடல் கடந்தது. 1888இல் அவர்களில் ஒருவரான மார்கரெட், நியூயார்க்கில் மேடையேறி, தட்டியது தன் கால்விரல் மூட்டே என்று சொடுக்கிக் காட்டினார். மறு ஆண்டு அச்சொல்லை அவர் மாற்றிக்கொண்டாலும், ஓசை வரும் விதம் வெளியாகிவிட்டது. ஆயினும் தொழில் நின்றதா? இல்லையே! ஏன்?

பிள்ளையைப் பறிகொடுத்த தாய், அவன் வாயால் ஒரு சொல் கேட்கத் துடிக்கின்றாள். அத்துடிப்பே குறிகாரனுக்கு மூலதனம். பணம் போவதோடு நின்றாலும் பரவாயில்லை. "மருமகள்தான் சூனியம் வைத்தாள்" என்று செத்தவன் பேரால் சொல்லிவிட்டால், அவள் கதி என்ன? செத்தவனைக் குறுக்கு விசாரணை செய்ய எந்தக் கோர்ட்டாலும் ஆகுமா?

சட்டம் வேண்டியதுதான். நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்ட 2013ஆம் ஆண்டிலேயே மகாராஷ்டிரத்தில் இத்தகைய மோசடிகளைத் தண்டிக்கும் சட்டம் வந்தது. ஆனால் சவுலும் சட்டம் போட்டவன்தானே! அவன் ஆட்களைத் துரத்தினானேயொழிய நம்பிக்கையைத் துரத்தவில்லை. ஆகவேதான், பயம் வந்ததும் அவன் கால்களே அங்கு நடந்தன.

தோழர்களே! இவ்வூரைச் சுற்றி ஆலைகள் நிறைந்திருக்கின்றன. இயந்திரம் நின்றுபோனால், செத்துப்போன மேஸ்திரியின் ஆவியை யாராவது அழைக்கிறீர்களா? மூடியைக் கழற்றிப் பழுதைத் தேடுகிறீர்கள். அந்தப் புத்தியை ஆலை வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். காய்ச்சலுக்கு வைத்தியரைத் தேடுங்கள். களவுக்குச் சாட்சியைத் தேடுங்கள். செத்தவர் பேசமாட்டார், அவர் பேரால் பேசுகிறவனுடைய சங்கதியை மட்டும் விசாரியுங்கள் என்று கூறி முடித்துக்கொள்ளுகின்றோம்.