மூத்தம்மாவின் கதையும் ஆங்கில வாக்கியமும்



கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் சொற்களை மனனஞ் செய்வதிற் சளைத்தவர் அல்லர். நூறு சொற்களைக் கேட்டால் நூற்றுக்கும் பொருள் கூறுவர். ஆயின், அச்சொற்களைக் கோத்து ஐந்து வாக்கியம் பேசுக என்றால் நா எழுவதில்லை. இது பிள்ளையின் அறிவுக் குறையன்று. தான் காணாத பொருளைத் தான் அறியாத மொழியிற் சொல்லுமாறு பணிக்கும்போது, பிள்ளை இரட்டைச் சுமை சுமக்கிறது. பொருள் முன்னரே நெஞ்சில் இருந்தால், மொழி ஒன்றே கற்க வேண்டியதாகும்.

அத்தகைய பொருள் இக்கரையோர வீடுகளில் நிறைய உண்டு. மூத்தம்மா சொல்லும் கதைகளே அவை. தமிழ் வழங்கும் இடமெங்கும் சொல்லப்படும் காகமும் நரியும் கதையை எடுத்துக்கொள்வோம். காகம் வடையைத் திருடியது, பறந்தது, கிளையில் இருந்தது. நரி வந்தது, காகத்தைக் கண்டது. காகம் பாடியது, வடை விழுந்தது. இங்கே வரும் வினைகள் ஏழு. இவற்றுக்கு நேரான ஆங்கில வினைகள் ஏழும் இறந்தகாலத்தில் உருமாறுபவை. 'ஃபிளை' என்பது 'ஃபிளூ' ஆகிறது. 'கம்' என்பது 'கேம்' ஆகிறது. 'ஃபோல்' என்பது 'ஃபெல்' ஆகிறது. அட்டவணையாகப் படித்தால் மறுநாள் மறக்கும் இவ்வடிவங்கள், கதையின் நிகழ்ச்சிகளோடு சேர்ந்து வந்தால் நிகழ்ச்சிக்கு ஒன்றாக நினைவில் நிற்கும்.

சொல்லோடு வாக்கிய அமைப்பும் கதையிலேயே இருக்கிறது. "ஒரு காட்டிலே ஒரு நரி இருந்தது. அந்த நரி..." என்று கதை தொடங்குகிறது. புதிதாக வரும் நரி 'ஒரு நரி'. கேட்போர் அறிந்தபின் அது 'அந்த நரி'. ஆங்கிலத்தில் 'எ' என்றும் 'த' என்றும் வழங்கும் சிறு சொற்களின் முதன்மையான வேறுபாடு இதுவே. இலக்கணச் சூத்திரமாகக் கேட்டு மயங்கும் பிள்ளைக்கு, மூத்தம்மா இதனை முன்னரே கற்பித்துவிட்டார்.

மற்றொன்று வினையின் இடம். "நரி மரத்தடிக்கு வந்து, காகத்தைக் கண்டு, பாடச் சொன்னது" என்னும் வாக்கியத்தில் முற்றுவினை ஒன்றே. அதுவும் இறுதியில் வருகிறது. ஆங்கிலத்திலோ வினை எழுவாயை அடுத்து நிற்கும். வந்ததும் கண்டதும் சொன்னதும் மூன்று முற்றுவினைகளாகி, கடைசி இரண்டுக்கும் இடையே 'அண்ட்' என்னும் இணைப்புச் சொல் வரும். ஒரே கதையை இரு மொழியிலும் சொல்லிப் பார்க்கும் பிள்ளை இவ்வேறுபாட்டைத் தானே கண்டுகொள்ளும்.

தாய்மொழிக் கதையையும் ஆங்கிலத்தையும் அருகருகே வைத்த முயற்சி பிற நாட்டிலும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வறண்ட மேட்டு நிலத்தில் சோளம் விளைவித்து வாழும் ஹோப்பி மக்களுக்கு ஆங்கிலம் முதலில் வன்முறையாகவே வந்தது. பிள்ளைகளை அரசாங்க விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்ப மறுத்தமை முதலிய எதிர்ப்புகளுக்காக, 1895இல் ஹோப்பி ஆடவர் 19 பேர் அல்கற்றாஸ் தீவில் சிறைவைக்கப்பட்டனர். பின்னர் 1978இல் எக்கெஹார்ட் மலொட்கி என்னும் மொழியியலாளர் ஹோப்பிக் கதைகளை ஹோப்பி மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒருங்கே வெளியிட்டார். அக்கதை மரபில் சொல்பவர் 'அலிக்சா-இ' என்று தொடங்க, கேட்போர் 'ஓ' என்பர். நம் வீடுகளில் 'உம்' கொட்டுவது போன்றதே அது. நம் நரிக்கு ஒப்பாக அங்கே கொயோட்டி என்னும் விலங்கு வருகிறது. பெரும்பாலும் பிறரிடம் ஏமாந்து போவது அதுவே.

இரு சமூகத்துக்கும் மற்றோர் ஒற்றுமை உண்டு. ஹோப்பி மக்களின் குலம் தாய்வழி வருவது. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் குடிமுறையும் தாய்வழியினதே. இத்தகைய சமூகத்தின் உறவுப் பெயர்கள் ஆங்கிலத்துள் எளிதில் அடங்கா. பெரியம்மாவும் சாச்சியும் மாமியும் ஆங்கிலத்தில் ஒரே 'ஆன்ற்' ஆகிவிடுவர். ஹோப்பி மொழியிலோ தாயின் சகோதரியும் தாய் என்றே அழைக்கப்படுகிறாள். போடியார், வட்டை போன்ற வயற்சொற்களும் இத்தகையனவே. இவ்விடங்களில் தமிழ்ச் சொல்லை அவ்வாறே நிறுத்தி, அதன் பொருளை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தால் விளக்குவதே முறை. அவ்வாறு விளக்குவதும் நல்ல வாக்கியப் பயிற்சியாகும்.

இம்முயற்சியைத் தள்ளிப்போடுதல் ஆகாது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1996 முதல் முழுப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. உயர்கல்வி வாயிலருகே வந்தும், ஆங்கிலத்துக்கு அஞ்சிப் பின்னிற்கும் மாணவர் உண்டு. மறுபுறம், கதை சொல்வோர் தொகை குறைந்து வருகிறது. 2004 திசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையோரத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. முதியோர் பலர் மறைந்தபோது அவர்தம் நெஞ்சிலிருந்த கதைகளும் மறைந்தன. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் இப்பகுதி முஸ்லிம்களின் நாட்டார் இலக்கியத்தைத் தொகுத்து அச்சேற்றியது பெருந்தொண்டு. எனினும், வீட்டுக்கு வீடு வழங்கும் கதைகள் அனைத்தையும் ஒருவர் இருவர் தொகுத்தல் இயலாது.

ஆசிரியர் செய்யத்தக்கது எளிது. வாரம் ஒரு கதையைப் பிள்ளை வீட்டிற் கேட்டு, சொன்னவாறே தமிழில் எழுதி வருக. வகுப்பில் அதன் வினைகளுக்கு ஆங்கிலம் காண்க. பின்னர் பத்துச் சிறு வாக்கியங்களில் அதனை ஆங்கிலத்தில் எழுதி, ஏட்டைப் பாராது சொல்லுக. கேட்கும் பிள்ளைகளுக்குக் கதை தெரியுமாதலால் ஒரு சொல் தவறினும் பொருள் தவறாது. பொருள் தவறாதாகவே அச்சமும் தணியும். ஆண்டிறுதியில் அப்பிள்ளையிடம் இரு மொழியில் எழுதிய ஏடு ஒன்று இருக்கும். ஒரு பக்கம் அது கற்ற ஆங்கிலம். மறுபக்கம் மூத்தம்மாவின் சொல்.