மணி அடித்தது முதல் மணி அடிக்கும் வரை
(கல்வியாண்டின் தொடக்கத்தில் நமது பள்ளிவாசல் வளாகத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வி குறித்துக் கூட்டம் நடத்தும்போதெல்லாம் நாம் பெரும்பாலும் மேற்படிப்பைப் பற்றியே பேசுகிறோம். பொதுத் தேர்வில் மதிப்பெண் பெற்றவர்களுக்குப் பரிசளிக்கிறோம். பொறியியலா, மருத்துவமா, அரசுப் பணியா என்று ஆலோசனை கூறுகிறோம். இவை அனைத்தும் தேவையானவையே. எனினும், கட்டடத்தின் மேல்மாடியைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் அடித்தளத்தைப் பார்ப்பவர் யார்? ஆகவே, ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பயிலும் குழந்தைகளின் வகுப்பறைக்குள் ஒரு நாள் எப்படி நகர்கிறது, அங்கே குழந்தையிடம் எதிர்பார்க்கப்படுவது என்ன, அதற்கு வீட்டிலும் பள்ளிவாசலிலும் நாம் செய்ய வேண்டியது என்ன என்பதை மட்டும் இன்று பேச விரும்புகிறோம்.

காலை நேரம்

தொடக்கப் பள்ளியின் நாள் முதல் மணியோடு தொடங்குவதில்லை. அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஊரகப் பகுதிகளிலுள்ள அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையிலும், நகர்ப்புறத்திலுள்ளவற்றிற்கு 2025 ஆகஸ்டிலும் அது வந்து சேர்ந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் எனச் சூடான உணவு, பள்ளி தொடங்குவதற்கு முன்பே பிள்ளைகளுக்குப் பரிமாறப்படுகிறது. அதன்பின் காலை வழிபாட்டுக் கூட்டம். அங்கே தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள், அன்றைய செய்தி வாசிப்பு. பிறகு வரிசையாக வகுப்பறைக்குள் செல்கிறார்கள்.

நமதூர்ப் பிள்ளைகளின் காலையை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அதிகாலையில் எழுகிறார்கள், மக்தபுக்கு ஓத வருகிறார்கள். மக்தப் 8.30 மணிக்கு முடிகிறது. வீட்டுக்கு ஓடிச் சீருடை மாற்றி, பையைத் தூக்கிக்கொண்டு பள்ளியை அடையும்போது உணவுப் பாத்திரங்கள் கழுவப்பட்டுவிடுகின்றன, கூட்டமும் முடிந்துவிடுகிறது. பசித்த வயிற்றோடு, மூச்சிரைக்க, தலைகுனிந்தபடி வாசலில் நிற்கும் பிள்ளைக்கு அன்றைய முதல் பாடம் எப்படி மனத்தில் பதியும்?

ஓதலா, பள்ளிப் படிப்பா என்று பிள்ளையை இரண்டுக்கும் நடுவே நிறுத்த வேண்டிய தேவையே இல்லை. மக்தபை அரை மணி நேரம் முன்னதாகத் தொடங்கி, 7.45 மணிக்குள் முடித்துவிட்டால் இரண்டும் நிறைவாக நடக்கும். இதற்காக நேர அட்டவணை ஒன்றை எழுதி நிர்வாகத்தாரிடம் அளித்திருக்கிறோம். அது நடைமுறைக்கு வர வேண்டுமானால் இரவு பத்து மணிக்குமேல் தொலைக்காட்சி முன்னும் கைப்பேசி முன்னும் பிள்ளைகளை உட்கார வைக்காமல் தாய்மார்கள் ஒத்துழைக்க வேண்டும். தூக்கம் குறைந்த பிள்ளைக்கு மக்தபும் பயன் தராது, பள்ளியும் பயன் தராது.

உள்ளேன் ஐயா

வகுப்பறையில் முதல் வேலை வருகைப் பதிவு. ஆசிரியர் பெயரை அழைக்கிறார்; பிள்ளை எழுந்து "உள்ளேன் ஐயா" என்கிறது. பார்வைக்கு இது ஒரு சடங்கைப் போலத் தோன்றும். உண்மையில், தன் வீட்டுக்கு வெளியே தனக்கென்று ஓர் இடம் உண்டு என்பதைப் பிள்ளை தன் வாயால் சொல்லிப் பழகும் முதல் தருணம் அது.

இதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிரமம் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் நம்மிடம் கூறினார். புதிதாகச் சேர்ந்த சிறுவன் ஒருவன் மூன்று நாட்கள் பெயர் அழைத்தபோது பதில் சொல்லவே இல்லையாம். காது கேட்கவில்லையோ என்று அந்த ஆசிரியை அஞ்சியிருக்கிறார். விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. வீட்டில் அவனை எல்லோரும் "சின்ன வாப்பா" என்று அழைத்து வந்திருக்கிறார்கள். பதிவேட்டில் உள்ள முஹம்மது என்று தொடங்கும் நீண்ட பெயர் தன்னுடையது என்பதே அவனுக்குத் தெரியாது! அதே வகுப்பில் முஹம்மது என்று தொடங்கும் பெயர்கள் மேலும் நான்கு இருந்தன.

செல்லப் பெயர் சொல்லி அழைப்பதில் தவறில்லை. ஆனால் பள்ளியில் சேர்ப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது பதிவேட்டுப் பெயரைச் சொல்லி அழைத்துப் பழக்குங்கள். வாப்பாவின் பெயர், தெருவின் பெயர் ஆகியவற்றையும் தடுமாறாமல் சொல்லக் கற்றுக் கொடுங்கள்.

காத்திருக்கக் கற்றல்

வீட்டில் பிள்ளை கேட்டவுடன் தண்ணீர் கிடைக்கும். அழுதவுடன் உம்மா வந்துவிடுவார். வகுப்பறை அப்படியல்ல. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும்; 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கு அது. நமதூரைப் போன்ற சிற்றூர்களில் இரண்டு ஆசிரியர்களே ஐந்து வகுப்புகளையும் நடத்துகிறார்கள். ஒரு பிரிவினருக்கு ஆசிரியர் கற்பிக்கும்போது மற்ற பிரிவினர் தாமாகவே ஏதேனும் செய்துகொண்டிருக்க வேண்டும்.

வரிசையில் நிற்பது, கையை உயர்த்திய பின் பேசுவது, அனுமதி கேட்டு வெளியே செல்வது, பயன்படுத்திய பொருளை எடுத்த இடத்தில் வைப்பது, அடுத்தவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருப்பது ஆகிய ஒழுங்குகள் எல்லாம் அங்கே இதற்காகத்தான். இவை இல்லாவிட்டால் ஆசிரியரின் நேரம் முழுவதும் அமைதிப்படுத்துவதிலேயே கழிந்துவிடும். கற்பிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. கழிவறைக்குச் செல்ல வேண்டும் என்று கேட்கக் கூசி, மாலைவரை அடக்கிக்கொண்டிருக்கும் பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். "கேட்பது மரியாதைக் குறைவு அன்று, கேட்டுச் செல்" என்று உம்மாமார்கள் சொல்லி அனுப்ப வேண்டும்.

விளையாட்டுத்தான் நடக்கிறதா?

"பள்ளியில் பாடமே நடப்பதில்லை, அட்டையை வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள்" என்று சில பெற்றோர் நம்மிடம் குறைப்படுகிறார்கள். நமது காலத்தில் ஆசிரியர் சொல்ல, அனைவரும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னோம். குரல் பலமாக இருந்தால் படிப்பும் பலமாக நடப்பதாக எண்ணினோம். அந்தக் கூட்டுக் குரலுக்குள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் என்பது யாருக்கும் தெரியாது.

2007-08 கல்வியாண்டில் தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் செயல்வழிக் கற்றல் வந்தது. பிள்ளைகள் தரையில் பாய்மீது வட்டமாக அமர்ந்தார்கள். அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை தாழ்த்தப்பட்டது. ஏணிப்படி போன்ற வரைபடத்தில் தன் நிலையைக் கண்டு, அதற்குரிய அட்டையை எடுத்து, அதை முடித்த பின் அடுத்த படிக்குச் செல்வது பிள்ளையின் வேலையாயிற்று. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்ய, 2022 ஆம் ஆண்டில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. அதில் பிள்ளைகள் தத்தம் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கப்பட்டார்கள்.

தன் பிள்ளை அரும்பில் இருப்பதை அறிந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு ஏசிய பெற்றோரை நாம் அறிவோம். நோய் இன்னதென்று மருத்துவர் கண்டறிந்து சொன்னதற்காக நோயாளியை யாரேனும் ஏசுவார்களா? எந்த இடத்தில் பிள்ளை நிற்கிறது என்று தெரிந்தால்தான் கைப்பிடித்து மேலே ஏற்ற முடியும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை, வகுப்பு மட்டும் ஏறி ஏறி ஐந்தாம் வகுப்பை அடைந்துவிடுவதே நாம் அஞ்ச வேண்டிய செய்தி.

ஒரு சிறு கணக்கு

ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று சட்டம் வகுத்திருக்கிறது. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம். ஒரு பிள்ளை தினமும் 20 நிமிடம் தாமதமாக வந்தால் ஆண்டில் 4,000 நிமிடங்கள், அதாவது 66 மணி நேரத்திற்கும் மேல் இழக்கிறது. நாள் கணக்கில் இது 16 நாட்களைத் தாண்டுகிறது.

அடுத்து வெள்ளிக்கிழமை. 200 வேலை நாட்களில் ஏறத்தாழ 40 வெள்ளிக்கிழமைகள். நண்பகலில் ஜும்ஆவுக்கென்று அழைத்து வரப்படும் சிறுவர்களில் பலர் பிற்பகல் வகுப்புக்குத் திரும்புவதில்லை. வீட்டில் பிரியாணியும் உறக்கமும் அவர்களைத் தடுத்துவிடுகின்றன. 40 அரைநாட்கள் என்றால் 20 முழு நாட்கள். இரண்டையும் கூட்டினால் 36 நாட்கள். ஆண்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு! உறவினர் திருமணங்களுக்காக எடுக்கும் மூன்று நாள், நான்கு நாள் விடுப்புகள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

பருவமடையாத சிறுவர்மீது ஜும்ஆ கடமையில்லை என்பது நீங்கள் அறிந்த மார்க்கச் சட்டம். பழக்கத்திற்காக அழைத்து வருவது நல்லதே. அழைத்து வருபவர், தொழுகை முடிந்தவுடன் அவனைப் பள்ளி வாசலில் கொண்டுபோய் விடும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். அதற்கு உதவியாக நமது வெள்ளி மேடை உரையை இன்ஷா அல்லாஹ் குறித்த நேரத்தில் முடித்துத் தருவோம்.

பிரம்பும் பையும்

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது, "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று ஆசிரியரிடம் சொல்லும் வழக்கம் நம் மக்களிடம் உண்டு. உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு தடை செய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அடிக்கு அஞ்சும் பிள்ளை, தெரியாததைத் தெரியாது என்று சொல்லாது; மறைக்கும். மறைத்தது நாளடைவில் பெருகும். மக்தபிலும் பிரம்பு வேண்டாம் என்று உஸ்தாதுமார்களிடம் கூறியிருக்கிறோம். பள்ளிக்கு ஒரு நியாயம், மக்தபுக்கு ஒரு நியாயம் இருக்க முடியாது.

அதேபோல, ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 இல் உத்தரவிட்டது. அவ்வாண்டு மத்திய அரசு வெளியிட்ட சுற்றறிக்கை, இவ்விரு வகுப்புகளுக்கும் புத்தகப் பையின் எடை ஒன்றரைக் கிலோவுக்கு மிகக்கூடாது என்றது. பக்கம் பக்கமாக எழுத வைக்கும்படி ஆசிரியரை நெருக்காதீர்கள்.

பெற்றோரால் ஆவது

"எங்களுக்கே எழுதப் படிக்கத் தெரியாதே, நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று சில தாய்மார்கள் கேட்கலாம். நிறையச் செய்ய முடியும். ரேஷன் கடைக்குப் போகும்போது அங்குள்ள பலகையைப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். பேருந்தின் பெயர்ப் பலகையை வாசிக்கச் சொல்லுங்கள். மீன் வாங்கியபோது கொடுத்த நூறு ரூபாயில் மீதி எவ்வளவு என்று கேளுங்கள். தயங்கினால் ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து அழைக்கும் வாப்பாமார்கள், "எத்தனை மார்க்?" என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், "இன்று வகுப்பில் நீ என்ன கேள்வி கேட்டாய்?" என்று விசாரியுங்கள். பிள்ளை அடுத்த அழைப்புக்காக ஒரு கேள்வியைச் சேர்த்து வைத்திருக்கும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், சரிபாதி பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் தாய்மார்கள் பெயருக்கு உறுப்பினராகிக் கையெழுத்திட்டுத் திரும்பாமல், கூட்டத்தில் அமர்ந்து பேச வேண்டும். கழிவறைக்குத் தண்ணீர் வருகிறதா, காலை உணவு எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறதா என்பதை உங்களைவிட யார் கேட்பார்கள்?

முடிவாக, மூன்று வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கிறோம். முதலாவது, பிள்ளை முதல் மணிக்கு முன்பே பள்ளியில் இருக்கட்டும். இரண்டாவது, வெள்ளிப் பிற்பகல் வகுப்பு வீணாகாமல் இருக்கட்டும். மூன்றாவது, மூன்றாம் வகுப்பை முடிக்கும் நமதூர்ப் பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு சிறு பத்தியைப் பொருள் விளங்கப் படிக்கட்டும். அடுத்த ஆண்டறிக்கையில் பரிசு பெற்றவர்களின் பட்டியலுக்கு முன்னால் இந்த மூன்றின் கணக்கும் இடம்பெற வேண்டும் என்று நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம்.

வல்ல இறைவன் நம் குழந்தைகளின் அறிவிலும் ஒழுக்கத்திலும் அருள்வளம் பொழிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.